மண்டை உடையாமலும் மூளை அடிபடும்

சாலையில் ஒருவர் வண்டியிலிருந்து விழுந்துவிட்டால், கூடி நிற்பவர்கள் கேட்கும் கேள்விகள் எந்த ஊரிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். வாந்தி எடுத்தாரா, காதிலோ மூக்கிலோ ரத்தம் வந்ததா, நினைவு இருக்கிறதா என்று விசாரிப்பார்கள். நெற்றி கிழிந்து சட்டையெல்லாம் நனைந்திருந்தால், 'ரத்தம் வெளியே வந்துவிட்டது, இனிப் பயமில்லை; உள்ளே கட்டிக்கொண்டால்தான் ஆபத்து' என்று ஒரு பெரியவராவது சொல்லிவிடுவார். அந்தக் கேள்விகள் ஒவ்வொன்றிலும் மருத்துவம் ஒப்புக்கொள்ளும் பொருள் உண்டு. அந்த ஆறுதலில் மட்டும் பாதிதான் உண்மை. மண்டைக்குள் கட்டும் ரத்தம் உயிரைப் பறிக்கும் என்பது சரி. வெளியே கொட்டிய ரத்தம் உள்ளே கட்டவேண்டியதற்கு மாற்றாக வந்தது என்பது சரியல்ல. தலைத்தோலில் ரத்த ஓட்டம் மிகுதி. அங்கே வெட்டுப்பட்ட நாளங்கள் எளிதில் சுருங்கி மூடிக்கொள்வதும் இல்லை. ஆகவே சிறு கிழிசல்கூட அச்சமூட்டும் அளவுக்குப் பெருகும். அந்த ரத்தம் எலும்புக்கு வெளியே உள்ள நாளங்களைச் சேர்ந்தது. எலும்புக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதை அது தெரிவிப்பதில்லை.

வெளிக்காயத்தின் அளவைப் போலவே எலும்பு முறிவும் நம்பத்தகாத சாட்சிதான். முறிவு இருந்தால் அடி பலமானது என்று தெரியும். உள்ளே ரத்தம் கசிந்திருக்கும் வாய்ப்பும் கூடும். அந்த அளவுக்கு அது எச்சரிக்கை. ஆனால் முறிவு இல்லை என்பது நற்செய்தி ஆகாது. மூளையின் கதியைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு: அடிபட்ட கணத்தில் தலை எவ்வாறு அசைந்தது என்பது ஒன்று, அடுத்து வந்த மணிநேரங்களில் மண்டைக்குள் என்ன நேர்ந்தது என்பது மற்றொன்று.

இந்தியக் கிரிக்கெட் வரலாற்றில் இதற்கு இரு நிகழ்வுகள் எதிரெதிராக நிற்கின்றன. 1962 மார்ச்சில், பார்படோஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில், இந்திய அணித்தலைவர் நாரி கான்ட்ராக்டரின் தலையைச் சார்லி கிரிஃபித் வீசிய பந்து தாக்கியது. மண்டை ஓடு உடைந்தது, நினைவிழந்தார், அறுவை சிகிச்சை நடந்தது, மேற்கிந்தியத் தீவுகள் அணித்தலைவர் ஃபிராங்க் வொரல் உட்படப் பலர் ரத்தம் கொடுத்தார்கள். அவர் பிழைத்து, மீண்டும் முதல்தர ஆட்டங்களில் ஆடினார். 2024 இல் தொண்ணூறு வயதை நிறைவு செய்தார். 1998 பிப்ரவரி 20 அன்று டாக்காவில் நடந்த உள்ளூர்ப் போட்டியொன்றில், ரமன் லாம்பா ஹெல்மெட் அணியாமல் மட்டையாளருக்கு மிக அருகே ஷார்ட் லெக் நிலையில் நின்றார். மட்டையாளர் ஓங்கி அடித்த பந்து அவர் தலையில் பட்டுத் தெறித்து விக்கெட் கீப்பரின் கைக்குக் கேட்சாகப் போனது. லாம்பா எழுந்து நடந்தே ஓய்வறைக்குச் சென்றார். சற்று நேரத்தில் உடல்நிலை மோசமாகி நினைவு தப்பியது, மண்டைக்குள் ரத்தக்கசிவு, அறுவை செய்தும் பயனின்றி, மூன்று நாளில், 38 வயதில் இறந்தார். மண்டை உடைந்து தூக்கிச் செல்லப்பட்டவர் பிழைத்தார், நடந்து போனவர் பிழைக்கவில்லை. இதை விதி என்று விட்டுவிடலாம்தான். ஆனால் இரண்டுக்கும் உடலியல் காரணங்கள் உண்டு.

முதிர்ந்த மனிதனின் மூளை ஏறத்தாழ 1,400 கிராம் எடை கொண்டது, மிகவும் மென்மையானது. அதைச் சுற்றியும் அதன் உள்ளறைகளிலும் தண்டுவடத்தைச் சூழ்ந்துமாகச் சுமார் 150 மில்லிலிட்டர் திரவம் இருக்கிறது. அதில் மிதப்பதால் மூளையின் எடை ஏறத்தாழ 50 கிராம் அளவுக்குத்தான் உணரப்படும். நடப்பது, ஓடுவது, குதிப்பது போன்றவற்றின் அதிர்வை இந்த ஏற்பாடு தடையின்றித் தாங்கிக்கொள்கிறது. ஆனால் மூளைக்கும் எலும்புக்கும் இடையே உள்ள திரவம் மெல்லிய படலம்தான். தலை சட்டென்று நிற்கும்போது மூளை நிற்பதற்கு அது தரும் இடமும் நேரமும் மிகக் குறைவு.

எவ்வளவு குறைவு என்பதைப் பள்ளிக்கூட இயற்பியலைக் கொண்டே கணக்கிடலாம். நின்றுகொண்டிருக்கும் ஒருவர் அப்படியே சாய்ந்தால், ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேலான உயரத்திலிருந்து வரும் அவர் தலை தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். கான்கிரீட்டில் மோதி 5 மில்லிமீட்டருக்குள் அது நின்றுவிடுவதாகக் கொண்டால், அப்போது உண்டாகும் வேக இழப்பு புவியீர்ப்பைப்போல முந்நூறு மடங்கைத் தாண்டுகிறது. இடையில் ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மோகோல் 20 மில்லிமீட்டர் நசுங்கி இடம் கொடுத்தால் அதுவே எண்பது மடங்காகக் குறைந்துவிடும். ஹெல்மெட் செய்யும் வேலை முழுவதும் அந்த நசுங்கலில்தான் இருக்கிறது. வெளி ஓடு உறுதியாக இருந்தும் உள்ளே வெறும் துணியும் பஞ்சும் வைத்துத் தெருவோரம் விற்கப்படும் தொப்பிகள் போலீஸ்காரரிடமிருந்து மட்டுமே காப்பாற்றும். ஒருமுறை பலமாக மோதி நசுங்கிய தெர்மோகோல் பழைய நிலைக்குத் திரும்பாது என்பதால் அந்த ஹெல்மெட்டை மீண்டும் அணிவதிலும் பொருளில்லை. இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, வண்டியின் வேகம் அதில் வரவே இல்லை என்பது. சறுக்கி விழுபவரின் தலை தரையை நோக்கி இறங்கும் வேகம் உயரத்தைப் பொறுத்தது. எதிரே வரும் லாரியிலோ பாலத்தின் கைப்பிடிச் சுவரிலோ மோதினால் கதை வேறு. ஆனால் 'பக்கத்துத் தெருவுக்குத்தானே, மெதுவாகத்தான் போகிறேன்' என்று ஹெல்மெட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போவதற்கு இயற்பியலில் ஆதரவில்லை.

அடி விழுந்த இடத்தில்தான் மூளையும் அடிபடும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. பின்னிருக்கையில் ஒருபக்கமாக அமர்ந்து செல்லும் பெண்கள் வேகத்தடையில் தூக்கி எறியப்பட்டு, பின்மண்டை தரையில் மோத விழுவது நம் ஊர்களில் வாடிக்கையான விபத்து. அப்படி விழுந்தவரின் சி.டி. ஸ்கேனில் பின்புறம் தோல் வீக்கமும் ஒரு கீறல் முறிவும் தென்படும். ஆனால் மூளையில் ரத்தம் கன்றியிருப்பது பல வேளைகளில் அங்கே அல்ல, நேர் எதிரே, நெற்றி மடலின் அடிப்புறத்திலும் பொட்டு மடலின் முனையிலும். பின்னால் விழுந்து முன்னால் அடிபடுவதற்கு ஒரு காரணம் மண்டை ஓட்டின் உட்புற அமைப்பு. பின்மண்டையின் உட்பரப்பு பெரும்பாலும் வழவழப்பானது. கண்குழிகளுக்கு மேலே உள்ள தளமோ மேடும் முகடுமாகக் கரடுமுரடானது, பொட்டு மடலுக்கு முன்னே எலும்பின் விளிம்பு கூர்மையாக நீட்டிக்கொண்டிருக்கிறது. முன்னும் பின்னுமாக அலையும் மூளை அங்கேதான் உரசுகிறது. மூக்கிலிருந்து மணத்தைக் கொண்டுவரும் நுண்ணிழைகள் சல்லடைபோன்ற எலும்பின் துளைகள் வழியே ஏறுவதால் அவை அந்த இடத்திலேயே அறுந்துபோவதும் உண்டு. மாதங்கள் கழித்து இத்தகைய நோயாளிகளின் வீட்டார் சொல்லும் குறைகள் இந்த வரைபடத்தோடு பொருந்தும்: குழம்பு தீய்ந்தாலும் வாசனை தெரிவதில்லை; சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்துவிழுகிறார்; எதிலும் நாட்டமில்லை; கை கால் நன்றாக இருக்கிறது, 'ஆனால் ஆள் முன்னே மாதிரி இல்லை'. நெற்றி மடல் செய்யும் வேலை கட்டுப்பாடும் திட்டமிடலும் என்பதால், அங்கே பட்ட காயம் நடையில் தெரியாமல் நடத்தையில் தெரிகிறது.

இதுவரை சொன்னது நேர்க்கோட்டில் வந்து நிற்கும் தலையைப் பற்றியது. உண்மையில் மோதல்களில் தலை நேராக மட்டும் நகர்வதில்லை. கழுத்தின் மேல் அது சுழல்கிறது, அந்தச் சுழற்சிதான் கொடியது. நீர் நிறைந்த குடத்தைச் சட்டென்று திருப்பினால் குடம் திரும்பிவிடும், உள்ளிருக்கும் நீர் உடனே திரும்பாது. மண்டை ஓடு சுழன்று மூளை பின்தங்கும்போது நடப்பதும் அதுவே. இதைப் புரிந்துகொண்ட வரலாறு ஒரு மோட்டார் சைக்கிள் விபத்தில் தொடங்குகிறது. முதல் உலகப்போரில் அரேபியக் களத்தில் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ் 1935 மே மாதம் இங்கிலாந்தின் டோர்செட்டில் வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டு, ஆறு நாள் நினைவு திரும்பாமலே இறந்தார். அவரைப் பார்க்க அழைக்கப்பட்ட மருத்துவர்களில் ஒருவரான நரம்பியல் அறுவை நிபுணர் ஹியூ கெயர்ன்ஸ், அடுத்த ஆண்டுகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து, 1941 இல் ஹெல்மெட்டின் பயனை வலியுறுத்தும் கட்டுரையை வெளியிட்டார். அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவத்தின் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமாயிற்று. அவரோடு ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய இயற்பியலாளர் ஹோல்போர்ன் 1943 இல் ஜெலட்டினால் மூளை மாதிரிகள் செய்து ஒரு முக்கியமான முடிவுக்கு வந்தார். மூளைத்திசு எல்லாப் பக்கமும் சமமாக அமுக்கப்படுவதைத் தாங்கும், அதன் கன அளவு எளிதில் மாறாது; ஆனால் ஒரு பகுதி மற்றொரு பகுதியின் மேல் வழுக்கிச் செல்லுமாறு இழுபடுவதை அதனால் தாங்க முடியாது. அந்த இழுபாட்டைப் பெரிதும் உண்டாக்குவது சுழற்சி. மூன்றாண்டு கழித்து, அமெரிக்காவில் புடென்ஸ், ஷெல்டன் என்ற இருவர் குரங்குகளின் மேல்மண்டை எலும்பை அகற்றி அங்கே கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்கைப் பொருத்தி, அடிபடும்போது மூளை பின்தங்கிச் சுழல்வதை அதிவேகப் படமாகவே எடுத்துக் காட்டினார்கள். இன்றைய அறநெறிக் குழு எதுவும் அனுமதிக்காத சோதனை அது.

இழுபடுவது எது? மூளையின் வெளிப்புறச் சாம்பல்நிறப் பகுதியில் உள்ள நரம்பணுக்கள், உட்புற வெண்பகுதி வழியே நெடுந்தூரம் ஓடும் மெல்லிய இழைகளால் ஒன்றோடொன்றும் தண்டுவடத்தோடும் தொடர்புகொள்கின்றன. மயிரிழையைவிடப் பன்மடங்கு மெலிந்த இந்த நரம்பிழைகள் மெதுவாக இழுத்தால் நீண்டுகொடுக்கும். சில ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் இழுத்தால் அவற்றின் உட்சட்டகம் முறிந்துவிடும். 1956 இல் சபினா ஸ்டிரிச் என்ற நோயியல் ஆய்வாளர், தலையில் அடிபட்டு மாதக்கணக்கில் உணர்வின்றிக் கிடந்து இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்தபோது, மண்டை முறிவோ பெரிய ரத்தக்கட்டோ இல்லாமலே வெண்பகுதி பரவலாகச் சிதைந்திருப்பதைக் கண்டார். 1982 இல் பென்சில்வேனியாவில் கென்னரெல்லியும் உடன் பணியாற்றியவர்களும் குரங்குகளின் தலையை எதிலும் மோதவிடாமல் வேகமாகச் சுழற்றி மட்டுமே ஆழ்ந்த கோமாவை உண்டாக்கிக் காட்டினார்கள். முன்பின்னாகச் சுழற்றுவதைவிடப் பக்கவாட்டில் சுழற்றுவது மிக மோசமான விளைவைத் தந்தது. அடி இல்லாமலே மூளைக்காயம் என்பது அத்துடன் ஐயமின்றி நிறுவப்பட்டது. கைக்குழந்தையைக் கோபத்தில் பிடித்து உலுக்குவது உயிருக்கே ஆபத்தாவதும் இதனால்தான்.

குத்துச்சண்டையில் தாடையின் பக்கவாட்டில் விழும் குத்து எதிராளியை நின்ற இடத்திலேயே சாய்ப்பதற்கும் இதே விளக்கம் பொருந்தும். தாடை நெம்புகோலாகி மொத்தத் தலையையும் திருப்பிவிடுகிறது. அணிந்திருக்கும் தலைக்கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்கும், சுழற்சியைப் பெரிதாகத் தடுக்காது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் கவசமின்றியே சண்டையிட்டார்கள். இருசக்கர வாகன ஹெல்மெட்டுகளும் நெடுங்காலம் நேர்மோதலுக்கு மட்டுமே சோதிக்கப்பட்டன. சாய்வாக மோதும்போது ஏற்படும் சுழற்சியையும் அளக்கும் சோதனை ஐரோப்பியத் தரவிதிகளில் அண்மையில்தான் சேர்ந்தது. அதற்காக ஹெல்மெட்டைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இருசக்கர வாகன விபத்தில் அது இறப்பை ஏறத்தாழ 40 விழுக்காடும் தலைக்காயத்தை ஏறத்தாழ 70 விழுக்காடும் குறைப்பதாகத் தெரிகிறது. தாடைப்பட்டையை மாட்டாதவருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

நரம்பிழைகளைப் பற்றி இன்னொரு செய்தி சிகிச்சையையே மாற்றிப் போட்டது. அடிபட்ட கணத்திலேயே இழைகள் அறுந்துபோகின்றன என்றுதான் முன்பு கருதினார்கள். மிகச் சில இழைகளே அப்படி அறுகின்றன. பெரும்பாலானவற்றில் உள்ளே நடக்கும் பொருள் போக்குவரத்து தடைப்பட்டு, சரக்கு ஓரிடத்தில் தேங்கி, இழை வீங்கி, பல மணிநேரம் கழித்தே துண்டாகிறது. மூளைக்காயம் ஒரு நொடியில் முடிந்துபோகும் நிகழ்ச்சியன்று, அது தொடர்ந்து நடந்துகொண்டிருக்கும் ஒன்று என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

ரத்தக்கட்டுக்கு வருவோம். மண்டை ஓட்டின் மிக மெல்லிய பகுதி நெற்றிப்பொட்டு. அதன் உட்புறத்தில், எலும்பை ஒட்டியே, மூளையின் வெளியுறைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனி ஒன்று ஓடுகிறது. பொட்டில் அடிபட்டு எலும்பு விரிசல்விட்டால் அந்தத் தமனி கிழிந்து, எலும்புக்கும் உறைக்கும் இடையே ரத்தம் தேங்கத் தொடங்கும். மூளைக்கு அடி லேசாக இருந்தால் அவர் எழுந்து உட்கார்ந்து பேசுவார், தண்ணீர் கேட்பார், வண்டியைப் பற்றிக் கவலைப்படுவார். உறை எலும்போடு ஒட்டிக்கொண்டிருப்பதால் ரத்தம் அதை உரித்துக்கொண்டு வளரச் சிறிது நேரம் பிடிக்கும். அந்த இடைவெளிதான் ஏமாற்றுகிறது. 2009 மார்ச்சில் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் கனடாவில் பனிச்சறுக்குப் பயிற்சியின்போது விழுந்து, தனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி மருத்துவ உதவியை மறுத்துவிட்டார். பின்னர் தலைவலி தொடங்கியது. இரண்டு நாளில் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் கண்டது இந்த வகை ரத்தக்கட்டே. உரிய நேரத்தில் எலும்பைத் திறந்து ரத்தக்கட்டை எடுத்தால் முழுக் குணமடையக்கூடிய காயம் அது என்பதுதான் இதில் மிகவும் வருந்தத்தக்கது. கிளாஸ்கோ மருத்துவர்கள் 1975 இல் வெளியிட்ட ஆய்வொன்றின் பொருளே 'பேசிவிட்டு இறந்த' தலைக்காய நோயாளிகள்தான்.

உறைக்கு அடியில் கட்டும் ரத்தம் வேறு இயல்புடையது. மூளையின் மேற்பரப்பிலிருந்து உறையிலுள்ள பெருஞ்சிரைக்குப் பாலம்போலச் செல்லும் சிறு சிரைகள் அறுவதால் அது உண்டாகிறது. முதுமையில் மூளை சற்றுச் சுருங்குவதால் இந்தச் சிரைகள் ஏற்கெனவே நீண்டு விறைப்பாக நிற்கும். நெடுநாள் குடிப்பவர்களுக்கும் அப்படியே. குளியலறையில் வழுக்கி லேசாக இடித்துக்கொண்டது, பேருந்துப் படியில் தலை தட்டியது என்று மறந்துபோன ஓர் அடி போதும். சிரை ரத்தம் மெதுவாகக் கசிந்து, வாரக்கணக்கில் பெருகி, தாத்தா குழப்பமாகப் பேசுகிறார், நடை தள்ளாடுகிறது, ஒரு கை பலவீனமாக இருக்கிறது என்று வெளிப்படும். வயதாகிவிட்டது, மறதி நோய் வந்துவிட்டது என்று வீட்டில் விட்டுவிடுவதும் நடக்கிறது. இதய நோய்க்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் முதியவருக்கு இப்படி ஒரு மாற்றம் தெரிந்தால் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது. மண்டையில் ஓரிரு துளையிட்டு அந்தப் பழைய ரத்தத்தை வடித்துவிட்டால் பலர் சில நாட்களில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறார்கள்.

ரத்தக்கட்டு எந்த வகையானாலும் கடைசியில் கொல்வது அழுத்தமே. மண்டை ஓடு மூடிய பெட்டி. அதற்குள் மூளை, திரவம், ரத்தம் ஆகிய மூன்றும் இடத்தைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. புதிதாக ஒன்று வளர்ந்தால் முதலில் திரவம் தண்டுவடப் பக்கம் ஒதுங்கி இடம் விடும். பின் சிரை ரத்தம் வெளியேறும். அதுவரை வெளியே பெரிதாக எதுவும் தெரியாது. அந்த இருப்புத் தீர்ந்ததும் சில மில்லிலிட்டர் கூடினாலே அழுத்தம் செங்குத்தாக ஏறும். இயல்பாக 15 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் இருக்கும் அழுத்தம் 22 ஐத் தாண்டினால் சிகிச்சை தேவை என்பது இன்றைய வழிகாட்டு நெறி. தலைவலியும் வாந்தியும் அரைமயக்கமும் இந்த ஏற்றத்தின் அறிகுறிகள் என்பதால்தான் 'வாந்தி எடுத்தாரா' என்ற கேள்வி அர்த்தமுள்ளது. பொட்டு மடல் உள்நோக்கித் தள்ளப்படும்போது அதன் ஓரத்தில் செல்லும், கண்ணை இயக்கும் நரம்பு நசுங்கி, அந்தப் பக்கத்துக் கண் பாவை விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நிற்கும். அவசரப் பிரிவில் மருத்துவர் டார்ச்சை இரு கண்ணிலும் மாறிமாறி அடித்துப் பார்ப்பது அதற்குத்தான். இன்னும் அழுத்தம் ஏறினால் ரத்த அழுத்தம் உயர்ந்து, நாடித்துடிப்பு குறைந்து, மூச்சு ஒழுங்கு தப்பும். மூளைத்தண்டு நசுங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

ரத்தக்கட்டு இல்லாவிட்டாலும் காயப்பட்ட மூளை வீங்கும். அப்போது அதற்குத் தேவை ஆக்சிஜனும் போதிய ரத்த அழுத்தமும். உடல் எடையில் இரண்டு விழுக்காடே இருக்கும் மூளை, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. சேமிப்பு என்று அதனிடம் எதுவுமில்லை. கடும் தலைக்காயம் பட்டவருக்கு மேல் ரத்த அழுத்தம் ஒருமுறை 90 க்குக் கீழே போனாலே இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று 1990 களில் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. தொடை எலும்பு முறிந்து கொட்டும் ரத்தத்தை நிறுத்துவதும், தொண்டையை அடைக்கும் ரத்தத்தைத் துடைத்து மூச்சுக்கு வழிசெய்வதும் மூளைச் சிகிச்சையின் பகுதிகளே. அரைமயக்கத்தில் இருப்பவரின் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றுவது இந்த இடத்தில்தான் பெருங்கேடாகிறது; அது நுரையீரலுக்குள் போகும். முகத்தில் தெளிப்பதால் கேடில்லை, பயனும் இல்லை. கழுத்தை அசைக்காமல் பிடித்துக்கொண்டு 108 ஐ அழைப்பதும், சி.டி. ஸ்கேனும் நரம்பியல் அறுவை நிபுணரும் இருக்கும் மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுசெல்வதும் பெரிது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணிநேரச் சிகிச்சைச் செலவைப் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் ஏற்பதன் நியாயமும், தலைக்காயத்தைப் பொறுத்தவரை இந்த மணிக்கணக்கில்தான் இருக்கிறது.

வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு ஊசி போடுவது ஒருகாலத்தில் பல நாடுகளிலும் வழக்கமாக இருந்தது. பல நாடுகளில் பத்தாயிரம் பேரைச் சேர்த்து நடந்த பெரும் சோதனையின் முடிவு 2004 இல் வந்தபோது, ஸ்டீராய்டு பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21 விழுக்காடு, பெறாதவர்களில் 18 விழுக்காடு என்று தெரிந்தது. நல்லது என்று நம்பிச் செய்த வைத்தியம் ஆட்களைக் கொன்றிருந்தது. காரணகாரியம் எவ்வளவு பொருத்தமாகத் தோன்றினாலும் எண்ணிப் பார்க்காமல் நம்பக்கூடாது என்பதற்கு மருத்துவக் கல்லூரிகளில் இன்றும் இது சொல்லப்படுகிறது.

எண்ணிக்கையில் இவற்றையெல்லாம்விட மிகுதி, ஸ்கேனில் எதுவுமே தென்படாத மூளை அதிர்ச்சி. விளையாட்டு உலகம் இதைக் கன்கஷன் என்கிறது. 1974 இல் டீஸ்டேலும் ஜென்னெட்டும் வகுத்த கிளாஸ்கோ அளவுகோல் கண் திறத்தல், பேச்சு, கை கால் அசைவு ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு 3 முதல் 15 வரை கணக்கிடுகிறது; 8 அல்லது அதற்குக் கீழே கடுமையான காயம், 13 அல்லது அதற்கு மேல் லேசானது. கன்கஷன் பட்டவர் பெரும்பாலும் 15 க்கு 15 வாங்கிவிடுவார். நினைவு தப்பினால்தான் மூளை அதிர்ச்சி என்ற எண்ணமும் தவறு. பெரும்பாலோர் நினைவிழப்பதே இல்லை. இழுபட்ட நரம்பணுச் சவ்வுகள் வழியே பொட்டாசியம் வெளியே பாய, கால்சியம் உள்ளே புகுகிறது. அந்தச் சமநிலையை மீட்க அணுக்கள் குளுக்கோஸை வழக்கத்தைவிட வேகமாக எரிக்கின்றன. அதே நேரத்தில் ரத்த ஓட்டமோ குறைந்திருக்கிறது. தேவைக்கும் வரத்துக்கும் இடையிலான இந்தப் பற்றாக்குறை நாட்கணக்கில் நீடிக்கலாம். சி.டி. ஸ்கேன் ரத்தத்தையும் எலும்பையும் காட்டும் கருவி. இந்த வேதி மாற்றத்தைக் காட்டும் வழி அதற்கு இல்லை. 'ஸ்கேனில் ஒன்றும் இல்லை' என்பதற்கு இப்போதைக்கு அறுவை தேவைப்படும் எதுவும் இல்லை என்று மட்டுமே பொருள்கொள்ள வேண்டும்.

அறிகுறிகள் தாமதமாகவும் வரும். 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில் ஜோஃப்ரா ஆர்ச்சர் மணிக்கு ஏறத்தாழ 149 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. சோதனைகளில் தேறி, முக்கால் மணிநேரத்தில் திரும்பிவந்து ஆடி 92 ரன்னில் ஆட்டமிழந்தார். மறுநாள் காலை தலைவலியும் மந்தமும் தெரிந்தன. டெஸ்ட் வரலாற்றில் கன்கஷனுக்கான முதல் மாற்று வீரராக மார்னஸ் லபுஷேன் களமிறங்கினார். அடிபட்ட மூளை தேறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால், குறிப்பாகப் பதின்வயதினருக்கு, மூளை கட்டுக்கடங்காமல் வீங்கி இறந்துபோன அரிய நிகழ்வுகள் உண்டு. சந்தேகம் வந்தாலே களத்தைவிட்டு வெளியேற்று என்ற விதியின் வேர் அதுதான். தூங்கவிடக் கூடாது என்ற நம் வழக்கத்துக்கும் இங்கே ஒரு விளக்கம் சொல்லலாம்: தூக்கம் மூளைக்குக் கெடுதல் செய்வதில்லை, தூக்கத்தையும் மயக்கத்தையும் பார்வையால் பிரித்தறிய முடிவதில்லை. மருத்துவர் பார்த்து வீட்டுக்கு அனுப்பியவரை உறங்கவிட்டு, மருத்துவர் சொன்ன இடைவெளியில் எழுப்பி, பெயரும் இடமும் கேட்டால் போதும். ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின் படிப்படியாக நடமாட்டத்தைக் கூட்டுவதே இப்போதைய பரிந்துரை. வாரக்கணக்கில் இருட்டறையில் படுக்கவைத்த காலம் போய்விட்டது.

மயக்கமும் அறிகுறியும் தராத சிறு அடிகள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதில்தான் இன்றைய சர்ச்சை முழுவதும் இருக்கிறது. குத்துச்சண்டை வீரர்கள் ஓய்வுபெற்றபின் தள்ளாடி நடந்து, நாக்குழறி, புத்தி மங்குவதை நியூ ஜெர்சியின் மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928 லேயே எழுதிவைத்தார். அது அந்தத் தொழிலுக்கே உரிய நோய் என்று உலகம் ஒதுக்கிவிட்டது. 2002 இல் பிட்ஸ்பர்க்கில், அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டரின் உடலைப் பிரேதப் பரிசோதனை செய்த பென்னட் ஒமாலு, வெளிப்பார்வைக்கு இயல்பாக இருந்த மூளையை நுண்ணோக்கியில் பார்க்க முடிவுசெய்யாதிருந்தால் இன்னும் சில காலம் அப்படியே இருந்திருக்கும். டௌ என்ற புரதம் அதில் அசாதாரணமாகப் படிந்திருந்தது. மூளை மடிப்புகளின் ஆழத்தில், சிறு ரத்தநாளங்களைச் சுற்றி, அதாவது இழுபாடு அதிகம் விழும் இடங்களில் அந்தப் படிவு கூடுவது பின்வந்த ஆய்வுகளில் தெளிவானது. தலையால் பந்தை முட்டும் கால்பந்தும் விசாரணைக்குள் வந்தது: 2019 இல் வெளியான கிளாஸ்கோ ஆய்வு, ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் மூளைச் சிதைவு நோயால் இறப்பது மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகம் என்று கண்டது, மறு ஆண்டே 12 வயதுக்குட்பட்டவர்களின் பயிற்சியில் பந்தைத் தலையால் முட்டுவதை அந்நாட்டுச் சங்கம் நிறுத்தியது. டௌ படியும் இந்த நோயை உறுதிசெய்யும் ஒரே வழி இன்னும் பிரேதப் பரிசோதனைதான். எந்த வீரருக்கு வரும், எத்தனை அடிக்குப் பின் வரும் என்பதற்கு விடையில்லை. அதனால் விளையாட்டுச் சங்கங்கள் இப்போது செய்துவருவது எளிய ஒன்றையே: தலைமீது விழும் அடிகளின் எண்ணிக்கையை, முதலில் பயிற்சியில், அதிலும் முதலில் சிறுவர்களிடம், குறைப்பது.